ஐயாவின் டன்ஹில் லைட்டர்: அசலா, என்ன விலை வைக்கலாம்?

பள்ளத்தூர் பேத்தி
வெள்ளி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் சாமான் பங்கு பிரிக்கிறோம். நாலு பங்கு. பெட்டகங்கள், எனாமல் தூக்குகள், மரவைகள் (மரப் பாத்திரங்கள்), பித்தளை அண்டாக்கள் எல்லாவற்றுக்கும் விலை வைத்தாகிவிட்டது. ஒரு சிகரெட் லைட்டரில் வந்து பேச்சு நின்றுவிட்டது.

ஐயா (அப்பாவைப் பெற்றவர்) பெட்டகத்தில், திருநீற்று மரவைக்குப் பக்கத்தில், பழைய வேட்டித் துண்டில் சுற்றி இருந்தது. பொன் நிறம். உடம்பெங்கும் நெல்மணி அடுக்கியதுபோல் செதுக்கு வேலை. மேலே ஒரு ஓரத்தில் வரிவரியாக ஓர் உருளை. அடியில் டன்ஹில், மேட் இன் சுவிட்சர்லாந்து, யு.எஸ். ஆர்.இ. 24163 பேட்டன்டட் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் எங்கள் விலாசம் (வீட்டுப் பெயர்களின் முதலெழுத்துகள்) நாலு எழுத்தும் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது.

1938-ல் சைகோனில் கணக்கு முடித்துத் திரும்பியபோது ஐயா வாங்கி வந்தது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். 18 காரட் தங்கம் என்கிறார் சித்தப்பா. காரைக்குடியில் ஒரு கடையில் காட்டினோம், டூப்ளிகேட், 500 ரூபாய் தருகிறேன் என்றார்கள். இன்னொருவர் போட்டோவை மட்டும் பார்த்து 40,000 என்கிறார். பங்கில் யாருக்கும் குறை வரக்கூடாது. நீ விசாரித்துச் சொல், அதை எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம் என்று என்னிடம் விட்டுவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் பார்ப்பதற்குள் தம்பி ஒரு பக்கத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டான்.

பழையசாமான் காரைக்குடி
வெள்ளி, இரவு 10.15

வணக்கம் ஆச்சி. முனீஸ்வரன் கோயில் தெருவில் முப்பது வருஷமாகப் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் இது டூப்ளிகேட் என்றுதான் படுகிறது. டன்ஹில் லண்டன் கம்பெனி. லண்டன் சாமானில் சுவிட்சர்லாந்து என்று ஏன் போடுகிறான்? இந்த மாதிரி மஞ்சள் லைட்டர் மாதம் ஒன்றாவது என் கடைக்கு வந்துவிடும். ஹாங்காங் சரக்கு நிறைய உண்டு.

முதலில் ஒன்று செய்யுங்கள். இனிமேல் யாரையும் தேய்க்க விடாதீர்கள்.

பினாங்குக்காரன்
சனி, காலை 6.20

கடைக்கார அண்ணன் கடைசியாகச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. முதலில் சொன்னது சரியில்லை, மன்னிக்கணும்.

நான் பினாங்கில் இருக்கிறேன். டன்ஹில் லைட்டர்தான் இருபது வருஷமாகச் சேர்க்கிறேன். 1920-களில் டன்ஹில் விற்ற பெட்ரோல் லைட்டருக்குப் பெயர் யூனிக். வைஸ், கிரீன்வுட் என்ற இருவர் ஒரு கடுகுப்பொடி டப்பாவை உடம்பாக வைத்து அதன் மாதிரியைச் செய்து டன்ஹிலிடம் காட்டினார்கள். ஒரு கையாலேயே பற்றவைக்கலாம் என்பதுதான் அதன் சிறப்பு. அது இங்கிலாந்திலும் செய்யப்பட்டது, சுவிட்சர்லாந்திலும் செய்யப்பட்டது. ஆச்சி கையில் இருப்பது டன்ஹிலின் ரோலகாஸ், கேஸ் லைட்டர். ரோலகாஸில் மேட் இன் சுவிட்சர்லாந்து என்று இருப்பதுதான் முறை. அந்த வரியை வைத்து அதைப் போலி என்று தள்ள முடியாது.

ஆனால் ஆச்சி, 1938 என்பது நடக்காது. கேஸ் ஏற்றும் லைட்டர் கடைக்கு வந்ததே இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம்தான். ஆர்.இ. என்பது திருத்தி மறுபடி வழங்கிய அமெரிக்கப் பேட்டன்ட். 24163 என்ற எண் 1956-ல் கொடுக்கப்பட்டது. அந்த எண்ணைத் தாங்கிய லைட்டர் அதற்கு முன்னால் இருந்திருக்க வழியே இல்லை. எந்த வருஷத்துக்குப் பிறகு என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்லும், எந்த வருஷம் என்று சொல்லாது. பிற்காலத்தில் செய்ததிலும் அதே எண்ணைத்தான் அடித்தார்கள். போலி செய்கிறவனும் அதையே அடிக்கிறான். எண் இருக்கிறது, அதனால் அசல் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பள்ளத்தூர் பேத்தி
சனி, காலை 7.05

அண்ணே, படித்ததும் நெஞ்சு கனத்துவிட்டது. சைகோன் தண்டாயுதபாணி கோயில் தெருக் கிட்டங்கி (வியாபார இடம்), அங்கே பெட்டியடியில் ஐயா உட்கார்ந்திருந்தது, கப்பல் ஏறியது என்று அந்த லைட்டரை வைத்துத்தான் அப்பத்தா கதை சொல்லுவார்கள். அப்படியென்றால் இது ஐயாவுடையதே இல்லையா?

பினாங்குக்காரன்
சனி, காலை 7.30

அப்படி நான் சொல்லவில்லை ஆச்சி. விலாசம் வெட்டியிருக்கிறதே. வீட்டுக்கு வந்த வருஷம் மட்டும்தான் வேறு. அதைப் பிறகு தேடலாம், முதலில் பொருளைப் பார்ப்போம்.

ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எனக்கு மூன்றே மூன்று படம் எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். ஒன்று அடிப்பக்கம், எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். இரண்டாவது, நெல்மணி வேலை மூலையில் முடிகிற இடம். மூன்றாவது, மேலே தீ வரும் வாயை மூடுகிற கைப்பிடியும் உடம்பும் சேருகிற இடுக்கு. உருளையை மட்டும் பலவந்தமாக உருட்டாதீர்கள். நம் ஊர்க் காற்றில் லைட்டர் கல் நமுத்து ஊதிவிடும். ஊதிய கல் குழாயில் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கும். அப்படியே உருட்டினால் சக்கரத்தின் பல் போய்விடும். பல் போய்விட்டால் சரி செய்வது பெரும்பாடு.

மதுரை சேகரிப்பு
சனி, பகல் 11.50

கொஞ்சம் இடையில் வருகிறேன். வருஷத்தை வைத்துப் பொய்யைப் பிடிக்கலாம் என்பதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். வியட்நாம் போரில் ஒரு அமெரிக்கச் சிப்பாய் வைத்திருந்தது என்று சொல்லி ஒருவர் எனக்கு ஒரு ஜிப்போ (அமெரிக்க பெட்ரோல் லைட்டர்) விற்றார். ஊர்ப் பெயர், 68-69 என்ற வருஷம், ஒரு வாசகம் எல்லாம் உடம்பில் வெட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து அடியைப் பார்க்கிறேன், சாய்ந்த கோடுகள். ஜிப்போவில் 1966-ல் எட்டு நேர்க்கோடு, வருஷம் ஒன்றுக்கு ஒரு கோடு குறைந்து 1973-ல் ஒரே கோடு. 1974-லிருந்துதான் சாய்கோடு. 69-ல் ஊர் திரும்பிய சிப்பாய் 74-க்குப் பிறகு செய்த லைட்டரை எப்படி வைத்திருப்பார்? ஜிப்போ அசல்தான். மேலே வெட்டிய கதை பொய். ஜிப்போவை விட அந்தக் கதைக்குத்தான் நான் அதிகம் கொடுத்திருந்தேன்.

அதனால் ஆச்சி, வெட்டு எழுத்தையும் உற்றுப் பாருங்கள். புதிதாக வெட்டியதாக இருந்தால் பள்ளத்துக்குள் பளபளப்பாக இருக்கும், ஓரம் நகத்தில் தட்டும்.

பள்ளத்தூர் பேத்தி
சனி, மாலை 4.45

மூன்று படமும் போட்டிருக்கிறேன். முகப்புத் திண்ணையில் வைத்து எடுத்தேன். கண்ணாடி போட்டு நானும் பார்த்ததை எழுதுகிறேன்.

அடியில் எழுத்துகள் எல்லாம் ஒரே ஆழம். எதுவும் மேலே கீழே இறங்கவில்லை. நெல்மணி வரிசை மூலை வரைக்கும் வந்து, ஓரத்தில் முடியளவு வெறும் பட்டை விட்டு நிற்கிறது. எந்த மணியும் பாதியில் நசுங்கவில்லை. ஆனால் தம்பி தேய்த்த பக்கத்தில், கீழ் மூலையில், ஒரு மிளகு அளவுக்கு வேறு நிறம் தெரிகிறது. நம் வீட்டுக் குத்துவிளக்கு நிறம். விலாசத்தின் பள்ளங்களுக்குள் கறுத்துப் போயிருக்கிறது, நகத்தில் ஒன்றும் தட்டவில்லை.

பினாங்குக்காரன்
சனி, இரவு 8.10

படங்களைப் பெரிதாக்கி ஒரு மணி நேரம் பார்த்தேன். ஆச்சி, இது அசல் ரோலகாஸ்.

ஏன் சொல்கிறேன் என்றால், பெயரை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், அதனால் நான் பெயரைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது அந்த நெல்மணி வேலை. பார்லி என்று சொல்வார்கள். கடைசல் இயந்திரத்தில் ஒவ்வொரு கோடாக வெட்டி எடுத்தது. ஒவ்வொரு மணிக்கும் கூர் இருக்கும், விரலால் தடவினால் பட்டுப் புடவைச் சரிகை மாதிரி ஒரு மெல்லிய சொரசொரப்பு. போலியில் அதை அச்சில் அழுத்தியோ வார்ப்பில் ஊற்றியோ எடுப்பார்கள். மணி எல்லாம் சோப்புக் கட்டி கரைந்ததுபோல் மொழுக்கென்று இருக்கும், மூலையில் பாதி மணி நசுங்கிக் கிடக்கும். உங்கள் இரண்டாவது படத்தில் அந்த ஓரப்பட்டை நாலு பக்கமும் ஒரே அகலம். மூன்றாவது படத்தில் கைப்பிடி உடம்போடு சேருகிற இடுக்கில் ஒரு காகிதம்தான் நுழையும். எழுத்தைத் திருடுவது சுலபம், அந்த இடுக்கைத் திருட முடியாது.

மிளகு அளவு தெரிகிற நிறம் பித்தளை. அதாவது இது தங்க முலாம். சித்தப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

பத்தர் மகன்
சனி, இரவு 9.25

சித்தப்பா நம்பவில்லை என்றால் நேராக உரைகல்லுக்குத்தான் போவார். அதற்கு முன்னால் இதைப் படிக்கச் சொல்லுங்கள். நாங்கள் மூன்று தலைமுறையாகத் தேவகோட்டையில் நகை வேலை செய்கிறோம்.

முலாம் போட்ட சாமானை உரைகல்லில் இழைத்தால், இழைத்த இடத்தில் முலாம் போயே போய்விடும். நல்ல கம்பெனி லைட்டரிலேயே முலாம் எவ்வளவு கனம் தெரியுமா? எஸ்.டி. டூபாங் என்ற பிரெஞ்சு லைட்டர் சிலவற்றில் அடியில் 20 மைக்ரான் என்று போட்டிருப்பான். மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. லைட்டருக்கு அதுவே கனமான முலாம். ஒரு தடவை கல்லில் வைத்து இழுத்தால் முடிந்தது.

கேரட் மீட்டரில் வைத்துப் பார்க்கலாம், கீறல் விழாது. ஆனால் அதுவும் மேல் தோலைத்தான் படிக்கும். மேலே 18 காரட் முலாம் இருந்தால் 18-க்குப் பக்கத்தில் ஒரு எண்ணைக் காட்டும், முழுக்கத் தங்கம் என்று நினைத்துவிடுவோம். தண்ணீரில் எடை போட்டுப் பார்க்கும் முறையும் இதற்கு ஆகாது, உள்ளே கேஸ் தொட்டி, குழாய் என்று வெற்றிடம் இருக்கிறது.

கெட்டித் தங்கமாக இருந்தால் முத்திரை இருக்கும். நமக்கு 916 பழக்கம். இங்கிலாந்தில் 9 காரட் சாமானுக்கு 375, 18 காரட்டுக்கு 750 (1975-க்கு முன் கிரீடமும் 18-ம்). அந்தக் காலத்தில் லண்டனில் முத்திரை போட்டால் கூடவே சிறுத்தை முகமும் வருஷ எழுத்தும் வரும். அடியிலும் கைப்பிடியின் உள்பக்கத்திலும் லென்ஸ் வைத்துத் தேடுங்கள். ஒரு முத்திரையும் இல்லை, மூலையில் பித்தளை தெரிகிறது என்றால் அதற்கு மேல் சோதனை வேண்டாம்.

பழையசாமான் காரைக்குடி
சனி, இரவு 10.40

படத்தைப் பார்த்துவிட்டேன். பினாங்கு அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். சுவிட்சர்லாந்து விஷயம் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். இத்தனை வருஷத்தில் எத்தனை பேரிடம் டூப்ளிகேட் என்று சொல்லி அனுப்பினேனோ, மனது சங்கடப்படுகிறது.

விலைக்கு வருவோம். 40,000 என்று யாரோ சொன்னது, இணையத்தில் கேட்கிற விலையைப் பார்த்துச் சொன்னதாக இருக்கும். கேட்கிற விலை விலையே இல்லை. விற்று முடிந்த விலையைப் பாருங்கள் ஆச்சி. ஏல இணையதளங்களில் விற்றவை மட்டும் என்று தனியாகப் பிரித்துக் காட்டும். ஓடுகிற நிலையில் உள்ள முலாம் ரோலகாஸ் பத்தாயிரத்துக்கு முன்னே பின்னே முடிவதைத்தான் நான் இன்று பார்த்தவற்றில் கண்டேன். டப்பா, காகிதம் இருந்தால் கொஞ்சம் கூடும். பற்றாவிட்டால் குறையும். மூலை தேய்ந்திருந்தால் இன்னும் குறையும்.

அப்புறம், யாராவது ஆன்டிக் என்று சொல்லி ஏற்றினாலும், இது தொல்பொருள், வெளிநாட்டுக்கு விற்க முடியாது என்று பயமுறுத்தி இறக்கினாலும் கேட்காதீர்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் ஆன சாமான்தான் தொல்பொருள். இது அந்தக் கணக்கில் வராது.

பினாங்குக்காரன்
ஞாயிறு, காலை 6.50

அண்ணன் சொன்ன விலை நியாயமானது. ஒன்று சேர்க்கிறேன். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பெயர் வெட்டியதை விரும்ப மாட்டார்கள், அதற்காகக் குறைப்பார்கள். வேறு ஒருவருடைய எழுத்து தங்கள் கையில் எதற்கு என்பார்கள்.

கணக்குப்பிள்ளை பேரன்
ஞாயிறு, காலை 9.15

வெளிநாட்டில் குறைக்கட்டும். ஆச்சி வீட்டில் அந்த நாலு எழுத்துதான் முதல்.

என் தாத்தா ஆறாவயலில் ஒரு வளவுக்கு (பெரிய வீட்டுக்கு) கணக்கு எழுதியவர். அந்தக் காலத்து வீடுகளில் எழுதாமல் எதுவும் உள்ளே வரவில்லை. 1956-க்குப் பிறகு என்று தெரிந்துவிட்டது அல்லவா? ஐயா எந்த வருஷம் பிறந்தார்? அந்த வருஷங்களில் வீட்டில் என்ன விசேஷம் நடந்தது? சாந்தி (அறுபதாம் கல்யாணம்), கல்யாணம், சுவீகாரம் எதுவாக இருந்தாலும் மொய் ஏடு இருக்கும். யாராவது மலேயா, சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்திருந்தால் பாஸ்போர்ட்டுக்குள் சுங்க ரசீதைச் செருகி வைத்திருப்பார்கள். இரண்டாங்கட்டில் தகரப் பெட்டி இருந்தால் அதைத் திறந்து பாருங்கள். சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு, மேலே மஞ்சள் வைத்திருக்கும்.

பள்ளத்தூர் பேத்தி
செவ்வாய், இரவு 8.30

இரண்டு நாளாக வரவில்லை, மன்னிக்கணும். தகரப் பெட்டியின் பூட்டுக்குச் சாவி தேடவே ஒரு பகல் போய்விட்டது.

ஐயா பிறந்தது 1903. சாந்தி 1963-ல். மொய் ஏடு கிடைத்தது. வெள்ளி டம்ளர், வேட்டி, ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. பதினோராவது பக்கத்தில் சின்னையா பெயருக்கு நேரே, "சிங்கப்பூர் தீ லைட்டர் 1, விலாசம் போட்டது" என்று கணக்குப்பிள்ளை எழுதியிருக்கிறார். தீ லைட்டர் என்று இருந்த இடத்தில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சின்னையா ஐயாவின் கூடப் பிறந்த தம்பி. சிங்கப்பூரில் இருந்தவர். சின்னையா மகன், எனக்குப் பெரியப்பா, கோவிலூரில் இருக்கிறார். 78 வயது. போன் போட்டேன். ராஜுலா கப்பலில் அப்பச்சி (அவருடைய அப்பா) வந்து நாகப்பட்டினத்தில் இறங்கியபோது கூட்டிவரப் போனது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. லைட்டரை அப்பச்சி சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு, இது அண்ணனுக்கு, நீ தொடாதே என்றாராம். ஐயா அதில் சிகரெட் பற்றவைத்து அவர் பார்த்ததே இல்லையாம். சாந்தி முடிந்த அன்றே பெட்டகத்தில் வைத்தது.

அப்பத்தா சொன்ன சைகோன் கதை பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. ஐயா 1938-ல் வந்தது உண்மை, லைட்டர் வந்ததும் உண்மை. இரண்டும் பேச்சில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கணக்குப்பிள்ளை பேரன்
செவ்வாய், இரவு 9.00

விலாசம் போட்டது என்று எழுதியிருக்கிறாரே, அந்த இரண்டு வார்த்தை போதும் ஆச்சி. அந்தப் பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். ஏட்டை லேமினேட் செய்துவிடாதீர்கள், காகிதம் வீணாகிவிடும்.

மதுரை சேகரிப்பு
செவ்வாய், இரவு 9.20

என்னுடைய ஜிப்போவுக்கு வாய்மொழியாக ஒரு கதையைத் தவிர ஒன்றும் இல்லை. உங்களுக்கு அடியில் எண், பள்ளத்தில் கறுப்பு, ஏட்டில் எழுத்து, நேரில் பார்த்த பெரியவர் எல்லாம் ஒன்றையொன்று பிடித்து நிற்கிறது. படிக்கவே நிறைவாக இருந்தது.

பள்ளத்தூர் பேத்தி
வியாழன், காலை 10.10

நேற்று மாலை எல்லோரும் பட்டாலையில் உட்கார்ந்து பேசினோம். சித்தப்பா லென்ஸ் வைத்து அரை மணி நேரம் முத்திரை தேடினார். இல்லை. மூலையில் பித்தளையைப் பார்த்ததும் உரைகல் பேச்சை விட்டுவிட்டார். உருளை உருளாது, மூலை போயிருக்கிறது என்பதற்காகக் கழித்து 7,000 ரூபாய் என்று பட்டியலில் எழுதினோம். அப்பா பங்கில் வந்தது. அப்பா அதைப் பெரியப்பாவிடம் கொடுத்து, உங்கள் அப்பச்சி வாங்கியது, வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பெரியப்பா வாங்கவில்லை. கொடுத்த பொருளைத் திரும்ப வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துத் திருப்பித் தந்தார்.

அது எரிந்து பார்க்க வேண்டும் என்று பெரியப்பாவுக்கு ஆசை. கடைத்தெரு லைட்டர் ரிப்பேர்க்காரரிடம் கொடுக்கலாமா? இல்லை, அடுத்த மாதம் தம்பி சிங்கப்பூர் போகிறான், அவன் கையில் கொடுத்துவிடட்டுமா?

பினாங்குக்காரன்
வியாழன், மதியம் 12.30

தம்பி கையில் கொடுக்காதீர்கள் ஆச்சி. இந்திய விமான நிலையத்தில் லைட்டரைக் கைப்பையிலும் விட மாட்டார்கள், பெட்டியிலும் விட மாட்டார்கள். பிடுங்கி வைத்துவிட்டால் திரும்ப வராது.

கல்லை எடுப்பது நம் ஊரிலேயே முடியும், பத்தர் மகன் மாதிரி நிதானமான கை இருந்தால் போதும். குழாயில் இறுகிய கல்லை மெல்லிய துளைக்கம்பியைக் கையாலேயே திருகித் திருகிப் பொடியாக்கி எடுக்க வேண்டும். மெஷின் வேண்டாம், சுத்தியலும் வேண்டாம். அதற்குப் பிறகு கேஸ். உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் அறுபது வருஷத்தில் காய்ந்து வெடித்திருக்கும். அதை மாற்றாமல் கேஸ் ஏற்றினால் அடியிலும் கழுத்திலும் கசியும், பற்றவைக்கும்போது கையோடு பிடித்துக்கொள்ளும். ரோலகாஸ் வளையங்கள் தனியாகக் கிடைக்கும். தம்பி திரும்பும்போது வாங்கி வரட்டும், ரப்பர் வளையத்தை யாரும் தடுக்க மாட்டார்கள். மாற்றிய பிறகு வால்வில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு, குமிழ் வராததைப் பார்த்துவிட்டுத் திறந்தவெளியில் பற்றவையுங்கள்.

பத்தர் மகன்
வியாழன், மதியம் 1.05

தேவகோட்டைக்குக் கொண்டு வாருங்கள் ஆச்சி. கல்லை நான் எடுத்துத் தருகிறேன், கூலி வேண்டாம். அந்த மூலைக்கு மறுபடி முலாம் மட்டும் போடச் சொல்லாதீர்கள். அசல் முலாம் இருக்கும் இடமும் சேர்ந்து மாறிவிடும்.

பள்ளத்தூர் பேத்தி
வியாழன், மதியம் 1.20

சரி அண்ணே. ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். மூலை அப்படியே இருக்கட்டும்.